சைக்கிள் முடிஞ்சுதா? அதுக்காக இருபது மீனா?

மீன் தொட்டி பத்தி எழுதுற சக பதிவர்கள் சிலர் மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இன்னிக்கு கொட்டிடுறேன். ஆட்டோ அனுப்பணும்னா விருத்தாசலம் ஜங்ஷனுக்கே அனுப்பலாம், இங்கதான் இருக்கேன் :-)

இதுல ரெண்டு கோஷ்டி. "புது மீனுக்கு குவாரன்டைன் தொட்டியா? காசு இருக்கறவன் போடுற சீன்" என்பது முதல் கோஷ்டி. ரெண்டாவது கோஷ்டி தொட்டி வைக்கும், ஒரு மாசம் பொறுமையா சைக்கிள் பண்ணும், முடிஞ்ச அன்னிக்கே இருபது மீனைக் கொட்டி படம் எடுத்துப் போடும். எனக்கு ரெண்டாவது கோஷ்டி மேலதான் கோபம் அதிகம். விஷயம் தெரிஞ்சவங்க செய்யுற தப்பு அது.

புதுசா வந்தவங்களுக்கு சுருக்கமா: மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம், மூணாவது தண்ணி மாத்தினா போயிடும். இந்த பாக்டீரியாக் கூட்டம் ஃபில்டர்ல குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இதைத்தான் சைக்கிள்ங்கறோம்.

ஆனா சாமி, அந்தக் கூட்டம் நீங்க போட்ட தீனிக்கு ஏத்த அளவுதான் வளர்ந்திருக்கும். பத்து பேருக்கு சமைச்ச பந்தியில நூறு பேரை உட்கார வெச்சா என்ன ஆகும்? அதேதான். எங்க வீட்டு போர் தண்ணி உப்பு, பிஹெச் எட்டுக்கு மேல. ஏழுல இருக்கறதை விட எட்டுல அம்மோனியாவோட விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. அதோட இந்த ஊர் சித்திரை வெயிலையும் சேர்த்துக்கோங்க. சூடான தண்ணியில ஆக்சிஜனும் குறைவு. நாற்பது லிட்டர் தொட்டியில ஆறு சின்ன டெட்ரா விட்டா தாங்கும். இருபது விட்டா, மூணாம் நாள் மேல வந்து வாயைப் பிளக்கும். நீங்க "கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு பதிவு போடுவீங்க.

இன்னொரு கூத்து. முதல் செட் போட்டு பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகலை, இன்னும் நாலு மீன் அதே தொட்டியில போடலாம்னு ஒருத்தர் யோசனை சொல்றார். போட்டா நாள் கணக்கு ஒண்ணுலேர்ந்து ஆரம்பம் தல! 1377-லயே ரகூசா துறைமுகக்காரன் பிளேக்குக்கு பயந்து கப்பல்ல வந்தவங்களை முப்பது நாள் தனியா வெச்சான். பாதியில புது ஆளை உள்ளே விட்டா அந்த முப்பதுக்கு என்ன அர்த்தம்?

சரி, முதல் கோஷ்டிக்கு வர்றேன். "இருபது ரூபா கப்பிக்கு இவ்வளவு அக்கப்போரா?" இருபது ரூபா கப்பி கொண்டு வர்ற நோய் உங்க ரெண்டாயிரம் ரூபா டிஸ்கஸையும் சேர்த்துத்தான் கொல்லும். அதுகிட்ட விலைப்பட்டியல் கிடையாது. "கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே?" வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனோட தோலுக்குள்ள இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, நூத்துக்கணக்கா பிரிஞ்சு, நீந்தி வெளிய வரும்போதுதான் அடிபடும். அதனாலதான் நாலு வாரம். அதனாலதான் அடியில கல்லு மண்ணு எதுவும் போடாத வெறும் கண்ணாடித் தரை, சைஃபன் வெச்சு உறிஞ்சி எடுத்துடலாம்.

1994 வாக்குல நம்ம இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் அடிச்சு துவைச்சது ஞாபகம் இருக்கா? (பேர்தான் கிட்டத்தட்ட ஒண்ணு, அது வைரஸ். குழப்பிக்காதீங்க.) இப்ப வெளிநாட்டு வனாமி தாய் இறால் வந்தா, நீலாங்கரையில 2009-ல தொடங்கின குவாரன்டைன் மையத்துல தங்கி, சோதனை முடிஞ்சுதான் பொரிப்பகத்துக்குப் போகணும். அதே சென்னையில கொளத்தூர்ல மீன் வாங்கி, பையைப் பிரிச்சு நேரா பெரிய தொட்டியில ஊத்துறோம். கொளத்தூர் மேல பழி போடலை. பல பண்ணை மீன் ஒரே தெருவுல சந்திக்கற இடம் அது, சந்தைன்னா அப்படித்தான். பொறுப்பு வாங்குறவன் கையில.

நியாயமான வாதம் ஒண்ணே ஒண்ணு இருக்கு: ரெண்டு தடவை இடம் மாத்தினா மீன் மிரளும். உண்மை. அதுக்கு விளக்கை அணைச்சு, ஒளிஞ்சுக்க இடம் கொடுங்க. பீங்கான் ஊர்க்காரன் சொல்றேன், கிளேஸ் போடாத சுட்ட மண் துண்டு நாலு போதும், அதோட நுண்துளையில பாக்டீரியாவும் குடியிருக்கும். பளபளன்னு கிளேஸ் போட்டது அழகு, ஆனா அந்த வேலைக்கு ஆகாது. வண்ணச் சாயம் அடிச்ச பொம்மையைத் தூக்கிப் போடாதீங்க, புண்ணியமாப் போகும். பஸ்ல பல மணி நேரம் பைக்குள்ள வந்த மீனை, பையைத் திறந்து வெச்சு சொட்டு சொட்டா மணிக்கணக்குல தண்ணி கலக்கறதையும் நிறுத்துங்க. மூடின பையில பிஹெச் இறங்கி அம்மோனியா அடங்கிக் கிடக்கும், திறந்ததும் பிஹெச் ஏறி அது விஷமாகும். மூடின பையை மிதக்கவிட்டு சூட்டை சமன் பண்ணி, வலையில பிடிச்சு மாத்துங்க. பைத்தண்ணி சாக்கடைக்கு.

நோயே இல்லாத மீனுக்கு "முன்னெச்சரிக்கை"ன்னு ஆன்டிபயாடிக் கொட்டுற பழக்கம் தனிக் கொடுமை. ஆறு வாரம் பாடுபட்டு வளர்த்த பாக்டீரியா மேலயே அதுல பல மருந்து கை வைக்கும். மெத்திலீன் ப்ளூவும் அப்படித்தான்.

திட்டணும்னா பின்னூட்டத்துல வாங்க. கடைசியா வாங்கின மீனை எத்தனை நாள் தனியா வெச்சீங்கன்னு முதல் வரியில எழுதிட்டு திட்டுங்க.