அழகப்பரும் கர்மப் புரட்டும்

செட்டிநாட்டில் ஒருவனிடம் பணம் சேர்ந்தால் "போன ஜன்மத்துப் புண்ணியம்" என்பதும், ஒருவனுக்கு வியாதி வந்தால் "போன ஜன்மத்துப் பாவம்" என்பதும் இன்றும் நின்றபாடில்லை. இப்படிச் சொல்லுகின்றவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். பணமும் வியாதியும் ஒரே மனிதனிடம் வந்து சேர்ந்தால் உங்கள் கர்மக் கணக்கு என்ன ஆவது?

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரில் 1909-இல் பிறந்து, 1957-இல் மறைந்த திரு. இராம. அழகப்பச் செட்டியார் அவர்களின் வாழ்வே போதும். எம்.ஏ. படித்து, சீமைக்குப் போய் பாரிஸ்டராகி, கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் நெசவாலை நடத்திப் பெரும் பொருள் ஈட்டியவர் அவர். அவரையேதான் பெருவியாதி என்று ஜனங்கள் அஞ்சுகின்ற தொழுநோயும் பிடித்து வருத்திற்று.

இதற்குப் புராண வியாபாரிகள் என்ன சமாதானம் சொல்லுவார்கள்? புண்ணியத்தால் பணம் வந்தது, பாவத்தால் நோய் வந்தது என்பார்கள். எது நடந்தாலும் பொருந்தும்படி சொல்லப்படும் காரணம் ஒரு காரணமாகுமா? லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் ஒரே பேரேட்டைக் காட்டி, "கணக்கு சரியாக இருக்கிறது" என்று ஒரு கணக்கப்பிள்ளை சொன்னால், எந்தச் செட்டியாராவது அவனை ஒரு நாளாவது பெட்டியடியில் உட்கார விடுவாரா? கடைக் கணக்கில் இவ்வளவு கண்டிப்பான புத்தி, கடவுள் கணக்கில் மாத்திரம் எங்கே போய்விடுகிறது?

முதலில் நோயைப் பார்ப்போம். தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் 1873-லேயே கண்டு சொல்லிவிட்டார். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் சிபாரிசு செய்தது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை சாப்பிட்டால் நோய் தீர்ந்து போகிறது. அந்த மாத்திரை யாருடைய ஜாதகத்தையும் கேட்பதில்லை. மாத்திரையில் தீருகின்ற பாவம் என்ன பாவம்? ஆனால் பாவம் என்று சொல்லிவிட்டதால் நோயாளி வெட்கப்பட்டு மறைக்கிறான். மறைப்பதால் கை கால் மரத்து ஊனமாகிறான். தொழுநோய் வந்தால் விவாகரத்துச் செய்யலாம் என்று 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தில் இருந்த விதி, 2019-இல்தான் நீக்கப்பட்டது. மருந்து வந்த பிறகும் இத்தனை வருஷம் அவமானம் நீடித்ததற்குக் கர்மப் புரட்டுக்குப் பெரும் பொறுப்பில்லையா?

நிற்க, பணத்தின் சங்கதிக்கு வருவோம். கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டிமார் வசமிருந்தது. 1938-இல் அது 25 பங்காயிற்று. இது புண்ணியத்தின் வளர்ச்சியா? நெல் விலை விழுந்தது. கடன்பட்ட பர்மியக் குடியானவன் வயலை இழந்தான். சங்கதி அவ்வளவே. போன ஊரிலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டி வைத்தார்கள். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது அந்தத் தண்டம் யாரைக் காப்பாற்றியது? பிற்பாடு பர்மா சர்க்கார் நிலங்களை எடுத்துக்கொண்டபோதும் அது அசையவில்லை. பணம் வந்ததற்கும் போனதற்கும் காரணம் இந்த உலகத்திலேயே இருக்கிறது.

அழகப்பர் கடவுள் மறுப்புப் பிரசாரம் செய்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் பணம் எங்கே போயிற்று என்பதைத்தான் காட்டுகின்றோம். 1944-இல் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரிக்காக 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது. இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது எப்படி, மின்கலம் செய்வது எப்படி என்று அங்கே ஆராய்கிறார்கள். துருவுக்குப் பரிகார பூஜை செய்யவில்லை, காரணத்தைத் தேடுகிறார்கள். அந்தப் புத்திதான் ஊருக்கு வேண்டும்.

ஆனால் இதற்காக அவரைத் தெய்வமாக்குவதும் தப்பு. ஆலையில் தறி ஓட்டியவர்களின் உழைப்பில்லாமல் அந்தப் பணம் வந்துவிடவில்லை. ஊராருடைய உழைப்பில் சேர்ந்தது ஊராருக்குத் திரும்புவது நியாயம். அதை உணர்ந்து நடந்ததே அவர் பெருமை. பணம் புண்ணியத்தின் கூலி என்றால் பணக்காரன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் புரட்டைப் பணக்காரர்கள் விரும்புவதன் ரகசியமும் இதுவே.

ஆகவே தோழர்களே, இன்னொரு வள்ளல் பிறப்பார் என்று காத்திருக்காதீர்கள். கும்பாபிஷேக வசூலுக்கு வருகிறவர்களிடம், "பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ஊரில் யாருக்காவது தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் கண்டால், ஜோசியனிடம் விடாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஒரு நோயாளியின் விரல்களைக் காப்பாற்றுவது ஆயிரம் பரிகாரங்களைவிட மேல்.