கெமிக்கல் குளிசையும் இயற்கைப் போத்தலும்

சான் ரமோனில் எங்கட ஆக்கள் கூடுகிற இடமெல்லாம் இப்ப ஒரு மஞ்சள் குளிசைக் கதைதான். பிறந்தநாள் விழாவோ, லிவர்மோர் கோயிலோ, "மெற்ஃபோர்மின் எல்லாம் கெமிக்கல், பேர்பரின் எடுங்கோ, அது இயற்கை" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை. 2023இல் ரிக்ரொக்கில் இதற்கு 'இயற்கையின் ஒசெம்பிக்' என்று பட்டம் கட்டிய பிறகு இன்னும் மோசம். கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பேர்பரின் ஒன்றும் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த அதிசயம் இல்லை. எங்கட மரமஞ்சளில் இருக்கிற பொருள்தான். சிங்களவர் வெனிவெல்கெட்ட என்பார்கள். காய்ச்சல், தடிமன் என்றால் ஊரில் அவித்துக் குடிப்போமே, அதன் மஞ்சள் நிறம் இதனால்தான். சமஹன் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் மரமஞ்சள் இருக்கும்.

சரி, 'கெமிக்கல்' என்று திட்டு வாங்குகிற மெற்ஃபோர்மினின் பூர்வீகம் என்ன? அதுவும் ஒரு மூலிகைதான்! கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் இருக்கும் கலெஜின் இரத்தத்தில் சீனியைக் குறைக்கும், ஆனால் நஞ்சு. அதே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த மெற்ஃபோர்மினை 1922இல் டப்ளினில் செய்தார்கள். 1957இல் பிரான்சில் ழான் ஸ்ரேர்ன் என்ற வைத்தியர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதித்தது 1994 டிசம்பரில்தான். கிட்டத்தட்ட 37 வருடங்கள் காக்க வைத்தார்கள்.

அதே 1994இல், ஒக்ரோபரில், இன்னொரு சட்டம் வந்தது. ஊட்டச்சத்துக் குளிசை விற்கிறவர், அது வேலை செய்கிறது என்று முன்கூட்டியே அரசுக்கு நிரூபிக்கத் தேவையில்லை. பேர்பரின் போத்தல் கடைத்தட்டில் நிற்பது இந்தச் சட்டத்தின் தயவில்.

பேர்பரினில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2008இல் சீனாவில் இருந்து வந்த ஆய்வு ஒன்றில் மெற்ஃபோர்மின் அளவுக்கே சீனியைக் குறைத்தது. எல்லோரும் தூக்கிக் காட்டுவது இதைத்தான். ஆனால் அந்த ஒப்பீட்டில் இருந்தவர்கள் 36 பேர், காலம் 3 மாதம். மறுபக்கம் 1998இல் வெளியான பிரித்தானிய ஆய்வைப் பாருங்கள். உடற்பருமன் கூடிய நோயாளிகளைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். மெற்ஃபோர்மின் எடுத்தவர்களில் நீரிழிவு சார்ந்த மரணங்கள் 42 வீதம் குறைவு. எங்களுக்குப் பயம் மெசினில் வரும் இலக்கமா, மாரடைப்பா?

"பக்கவிளைவே இல்லை" என்பது அடுத்த புளுகு. பேர்பரினும் வயிற்றைக் குழப்பும். கல்லீரலில் மற்ற மருந்துகளை உடைக்கிற நொதிகளைத் தடுக்கும். சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் இதனால் இரத்தத்தில் கூடிவிடும். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. போத்தலில் எழுதிய அளவு உள்ளே இருக்கிறதா என்பதும் கேள்வி. 15 தயாரிப்புகளைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில் 9 தேறவில்லை.

மெற்ஃபோர்மினும் அமிர்தம் இல்லை. நீண்டகாலம் எடுத்தால் பி12 குறையலாம், சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. வித்தியாசம், இதெல்லாம் தாளில் எழுதியிருக்கிறது, வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்.

இது எங்களுக்கு விளையாட்டு இல்லை. பே ஏரியாவிலும் சிக்காகோவிலும் தெற்காசியரை ஆராய்ந்த மசாலா ஆய்வில் 23 வீதமானோருக்குச் சீனி வருத்தம். ஒப்பிட்ட வெள்ளையரில் 6 வீதம்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த எங்கட சனத்துக்கு மருந்துத் தட்டுப்பாடு என்னவென்று தெரியும். இன்சுலினுக்கும் குளிசைக்கும் அலைந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். இங்கே காப்புறுதி இல்லாவிட்டாலும் மெற்ஃபோர்மின் மாதம் சில டொலர்தான். அதை எறிந்துவிட்டு, அதைவிடக் கூடக் காசு கொடுத்து, பரீட்சை எழுதாத போத்தலை வாங்குகிறோம்.

பேர்பரின் எடுத்தே தீருவேன் என்றால் எடுங்கோ. ஆனால் போத்தலை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கோ. மெற்ஃபோர்மினை நீங்களாக நிறுத்தாதேங்கோ. மூன்று மாதத்தில் ஏ1சி பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை பிடியுங்கோ.