அச்செடுக்க வருவோரும் நூல்நிலையமும்

எழுத்தையும் அதனை வேண்டுவாரையும் ஒன்று கூட்டுதலே நூல்நிலையத்தின் நோக்கம் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், பென் டிரைவ் ஒன்றைக் கையிற் கொண்டு வந்து, "ஐயா, இக்கோப்புத் திறக்கவில்லை, அச்செடுத்தற்கு உதவி செய்தல் வேண்டும்" என்று ஒருவர் நிற்பாராயின், "இஃது எம் பணியன்று, கடைத்தெருவிற்குச் செல்க" என்று விடை கூறும் நூல்நிலையங்களும் உள. அவ்விடை தகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. தகாது என்பது எமது துணிபு.

சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையத்தின் பொறுப்பை 1924ஆம் ஆண்டில் ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதன், நூல்நிலையத்திற்குரிய ஐந்து விதிகளை வகுத்து 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். வாசகரது காலத்தைக் காத்தல் வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. நூல்நிலையம் வளரும் இயல்பினது என்பது ஐந்தாவது. அந்நாளில் வாசகர் வேண்டியது நூல். இந்நாளிலோ நூலோடு அச்சுப்பொறியும் ஸ்கேனரும் வேண்டுகின்றனர். வேண்டும் பொருள் பெருகினும் உதவும் கடமை ஒன்றே.

இனி, அவர்கள் கொணரும் இடர்களை நோக்குவோம். தமிழர்க்கே உரிய இடர் எழுத்துருவைப் பற்றியது. முன்னர் எழுத்துரு செய்தோர் பலரும் தத்தமக்குத் தோன்றியவாறு எழுத்துக்களுக்குக் குறியெண் அமைத்தனர். ஆதலின், பாமினி போன்ற எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தக் குறிகளும் விரவிய பிதற்றலாய்த் தோன்றும். எழுதியவர் தம் உழைப்பெல்லாம் பாழாயிற்றென்று கலங்குவர். உண்மையில் பாழானது யாதும் இல்லை. உரிய எழுத்துருவை நிறுவினும், குறிமாற்றி ஒன்றினால் யூனிகோடாக மாற்றினும் கட்டுரை மீளும். யூனிகோடு 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடந் தந்தது. தமிழ்நாட்டரசும் 2010ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. எனினும் பழைய கோப்புக்கள் தாமாக மாறிவிடுவதில்லை. தட்டெழுதிய கணிப்பொறியிலேயே எழுத்துருவை உட்பொதித்துப் பி.டி.எஃப். ஆக்கிக் கொணரின் இவ்விடர் வாராது என்னும் எளிய செய்தியையும் பலர் அறியார்.

ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டி, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரைப் போற்றுகின்றோம். திறக்க இயலாக் கோப்பும் ஒருவகைச் சுவடியே. அன்று செல் அரித்தது. இன்று குறியெண் மறைக்கின்றது. ஓர் ஆசிரியர் இருபது ஆண்டுகட்கு முன் தட்டெழுதி வைத்த ஆராய்ச்சி, படிப்பாரின்றி ஒழியுமாயின் இழப்பு அவர்க்கு மட்டுமோ?

அடுத்தது ஸ்கேன் செய்தலின் இடர். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வண்ணத்திற் பதிவு செய்தால், ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் உண்டாம். புள்ளி ஒன்றிற்கு மூன்று பைட் வீதம், சுருக்காத நிலையில் கோப்பு 2 கோடியே 60 இலட்சம் பைட் ஆகும். வீதத்தை 150 ஆகக் குறைப்பின் அது நாலில் ஒரு பங்காய்விடும். இவ்வளவே கணக்கு. இதனை அறியாமையால், கோப்புப் பெரிதென்று விண்ணப்பம் தள்ளப்பட்டு, கடைசி நாளும் கழிந்து, வேலைவாய்ப்பை இழத்தல் கூடும்.

'ஊழியர் சிலரே, கடைகளோ பல' என்பர் சிலர். கடைக்காரர் காசு பெற்று அச்செடுத்துத் தருவர். கோப்பின் குற்றத்தை ஆராய அவர்க்குப் பொழுது ஏது? வீட்டிற் கணிப்பொறி உடையார்க்கு இவ்வுதவி பெரிதும் வேண்டுவதன்று. கைப்பேசி ஒன்றே உடைய ஏழை மாணவர்க்கும், மகனது சான்றிதழைச் சுமந்து வரும் தாய்க்கும் நூல்நிலையமே புகலிடம்.

உதவும் முறையும் அறியத்தக்கது. முதலில், இக்கோப்பு எதற்கு, எந்நாளுக்குள் வேண்டும் என்று வினவுதல் வேண்டும். பொழுது இருப்பின், சுட்டெலியை வாசகர் கையினின்று பறியாது, அருகிருந்து அவரையே செய்வித்தல் நன்று. மறுமுறை அவர் பிறர்க்கும் கற்பிப்பர். அன்றே கடைசி நாளாயின், முதலிற் செய்து கொடுத்துப் பின்னர்க் கற்பிக்க. ஆதார் அட்டை, மருத்துவக் குறிப்பு முதலியவற்றை வேண்டிய அளவிற்கு மேற் படித்தல் பண்பன்று. பணி முடிந்தபின், பொதுக் கணிப்பொறியில் தங்கிய நகலை அழித்தும், வாசகரது மின்னஞ்சல் மூடப்பெற்றதா என நோக்கியும் அனுப்புதல் இன்றியமையாதது.

நண்பர்காள்! இப்பணிக்கு ஊழியர் போதாரெனின் நாம் இருக்கின்றோம். கல்லூரி நூல்நிலையத்தில் மாலைதோறும் ஒரு மணி நேரம் முறைவைத்து அமரலாம். சிறப்பாகத் தமிழ் பயில்வோர் எழுத்துருச் சிக்கலைத் தீர்க்கக் கற்றல் தகும். இலக்கணத்தில் எழுத்ததிகாரம் பயிலும் நாம், கணிப்பொறியில் எழுத்துச் சிதைந்து கலங்கி வருவாரைப் பார்த்துக் கைகட்டி நிற்றல் அழகன்று. நூல்நிலையத் தலைவரது இசைவு பெற்று, வரும் பருவத்திலேயே இதனைத் தொடங்குவோமாக.