பாகுபாடு மதிக்கத்தக்க மரபன்று

சாதி ஒதுக்கல் ஓர் ஊரின் மரபு என்றால், வெளியார் அதை மதிக்க வேண்டுமா? தென் தமிழகத்தின் வரலாறே விடை தருகிறது. எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்ட கழுகுமலையில், தேரோடும் வீதிகளில் ஊர்வலம் செல்ல நாடார்கள் உரிமை கோரினர்; அது மறுக்கப்பட்டது. 1895ஆம் ஆண்டுக் கலவரத்தில் உயிர்கள் பறிபோயின. 1897இல் கமுதி கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள்மீது ராமநாதபுரம் மன்னர் வழக்குத் தொடுத்தார். லண்டன் பிரிவி கவுன்சில் 1908இல் வழக்கத்தை ஏற்று, அவர்களுக்கு நுழைவுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது.

வெளியார் காட்டிய அந்த மரியாதை நடுநிலை ஆகவில்லை. கதவைச் சாத்தியவர் பக்கமே சாய்ந்தது. வழக்கம் எது என்று சொன்னவர்கள் அதனால் பயன்பெற்றவர்கள். விலக்கப்பட்டவர்களும் அதே மண்ணின் மக்களே. 1882இல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியும் உள்ளிருந்தே சாதியை எதிர்த்தார். 1939, 1947ஆம் ஆண்டுகளின் ஆலய நுழைவுச் சட்டங்களும், தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆவது பிரிவும் இத்தகைய உள்ளூர்க் குரல்களின் வெற்றி.

மொழியை, உணவை, விழாவை வெளியார் மதிக்கட்டும். மனிதரைத் தாழ்த்தும் வழக்கத்துக்கு அந்த மதிப்பு உரியதன்று. அதை எதிர்த்துப் போராடும் உள்ளூர் மக்களுக்குத் துணை நிற்பதே வெளியாரின் கடமை.