கோபுரத்துக்குப் படம், கடைக்காரருக்கு?

மணப்பாறை என்றதும் முறுக்கு என்பார்கள், மாட்டுச்சந்தை என்பார்கள். உண்மைதான். உவர்ப்புக் கலந்த அவ்வூர்த் தண்ணீரே முறுக்குக்குச் சுவை கூட்டுகிறது என்று ஊரார் பெருமையோடு கூறுவர். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. முறுக்கின் பெயர் ஏட்டில் ஏறியது. ஆனால் தோழர்களே, அனல் கக்கும் அடுப்பின் முன் அமர்ந்து அதைப் பிழிந்தெடுத்த கரங்கள் எந்த ஏட்டில் இருக்கின்றன? சந்தைக்கு வரும் காளைக்கு மூக்கணாங்கயிறு திரித்தவர், லாடம் அடித்தவர், சலங்கையும் சாட்டையும் விற்றவர் ஆகியோரின் பிழைப்பு, டிராக்டர் வந்து ஏரை ஓரங்கட்டிய நாள்முதலாய்த் தேய்ந்து வருகிறதே! அவர்தம் முகத்தைப் படமெடுத்து வைத்தோர் எத்தனை பேர்?

படக்கருவி இங்கே நேற்று வந்ததன்று. கும்பினிப் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் திருச்சியையும் திருவரங்கத்தையும் படமெடுத்தார். 1858-லேயே அவை தொகுப்புகளாக வெளிவந்தன. அழகிய படங்கள், மறுப்பாரில்லை. கல் அசையாது நின்றது; படத்தில் விழுந்தது. அங்காடியில் அரிசி அளப்பவன் அன்றைய கருவிக்காக அசையாது நிற்பானா? நின்றால் வீட்டில் உலை கொதிக்குமா? கோபுரம் வரலாறாயிற்று, அதன் நிழலில் கடை பரப்பியவன் காற்றோடு போனான்.

கருவியின் குறை என்று அன்று சொல்லலாம். இன்றோ ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒரு கருவி!

பாரிசு நகரில் யூஜீன் அட்ஜே என்றொருவர் இருந்தார். முதலில் ஊர் ஊராய்த் திரிந்த நாடக நடிகர். (நாடகக்காரனான எனக்கு அவரிடம் சற்றுக் கூடுதல் பாசம்!) மேடையை விட்டிறங்கிக் கனத்த கருவியைச் சுமந்து, இடிபடவிருந்த தெருக்களையும் கடை முகப்புகளையும் தெருவில் கூவி விற்போரையும் 1927-இல் இறக்கும்வரை படமெடுத்தார். கலை என்று மார்தட்டவில்லை, ஆவணம் என்றார்.

இங்கும் சிலர் எடுக்கிறார்கள். சுருக்கம் விழுந்த முகம் வேண்டும். அந்த முகத்துக்குரியவரின் பெயர் வேண்டாம்! படம் போட்டிக்குப் போகும், பரிசு வரும். கிழவர் அதே திண்ணையில், அதே துருப்பிடித்த தராசோடு. இதை ஆவணம் என்பதா, அபகரிப்பு என்பதா?

ஆவணம் எதற்கு என்று கேட்போர் 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெரு வணிகர் தொழில் நடத்திய இயற்கைச் சந்தையை மரபுச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்போரை இடம்பெயர்க்கலாகாது என்கிறது அது. நல்லது. ஐம்பது ஆண்டு என்பதை எதைக் காட்டி நிறுவுவார் தரைக்கடைத் தாய்? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. நாள் குறித்த படமொன்று துணை நின்றால் ஏறக்கூடும்!

அத்தகைய பழம்படங்கள் எங்கே? ஊர்க் கோடியிலுள்ள ஸ்டுடியோவின் தகரப் பெட்டியில். திருமணம், ஊர்வலம், கடைத் திறப்பு என்று ஊரையே படமெடுத்தவர் அவர். பின்னணியில் கடைத்தெருவும் விழுந்திருக்கும். இன்று அவரும் கடையைக் கட்டுகிறார். 1960-இல் உதகையில் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையே மூடிக்கிடக்கும்போது, பிலிமை நம்பியவர் என்ன செய்வார்? அப்பெட்டி பழைய சாமான் கடைக்குப் போகுமுன் நம் கிளைத் தோழர்கள் அங்கே போகவேண்டும். ஊரார் முகத்தையெல்லாம் எடுத்த அவருடைய முகம் அக்கடைச் சுவரில் உண்டா என்றும் பார்க்கட்டும்.

பிறகு சந்தைக்கு வாருங்கள். இசைவு கேட்டு எடுங்கள். பெயர், தொழில், தெரு, கடை வைத்த ஆண்டு, படமெடுத்த நாள் ஆகியவற்றைப் படத்தின் பின்னே எழுதுங்கள். ஒரு படி அவர் கையில் கொடுங்கள்; நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்வார். வெறுங்கையோடும் திரும்பவேண்டாம்: படம் எடுத்த கடையில் ஒரு பொட்டலம் முறுக்காவது வாங்கிக்கொண்டு வாருங்கள்!