பார்த்துத்தான் வாங்கினேன்

“பார்த்துத்தானே வாங்கினீங்க?”

விற்றவர் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள். சொந்தபந்தங்கள் கேட்டார்கள். ஏமாந்தவனைப் பார்த்து இந்த ஊர் கேட்கும் முதல் கேள்வி இது. ஏமாற்றியவரைப் பார்த்து “சொல்லித்தானே வித்தீங்க?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆமாம், பார்த்துத்தான் வாங்கினேன். என்னென்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். குற்றம் யார்மேல் என்று அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

நான் வாங்கியது ஒரு பழைய மின்சார கார். சென்னை கொட்டிவாக்கத்தில், ஈசிஆரிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் தெரு ஒன்றில் விற்றவரின் வீடு. நேரடி விற்பனை, நடுவில் புரோக்கர் கிடையாது. பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து. எழுத்து மஞ்சளாக இருந்தால் வாடகைக்கு ஓடிய வண்டி. இது சொந்த உபயோகத்து வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் அவர்தான் முதல் உரிமையாளர். அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். லோன் அடமானம் எதுவும் இல்லை. கடல் காற்றில் அடிப்பாகம் துருவேறியிருக்குமோ என்று, கூட்டிப்போன மெக்கானிக் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டில் இடிபட்ட தடம் இல்லை. சார்ஜிங் போர்ட்டின் பின்கள் கறுக்கவில்லை. டயர், சஸ்பென்ஷன், பிரேக், ஏசி, முன்பக்கத்துச் சின்ன 12 வோல்ட் பேட்டரி எல்லாம் சரி. ஏசியைப் போட்டுக்கொண்டு நீலாங்கரை தாண்டிப் போய்த் திரும்பினோம். சார்ஜ் சதவீதம் ஒழுங்காகத்தான் இறங்கியது.

மெக்கானிக் தன் ஸ்கேனரைச் சொருகினார். பெட்ரோல் கார் என்றால் இன்ஜினின் குறையைப் புட்டுப்புட்டு வைக்கும் கருவி. இந்த காரில் பேட்டரி பக்கம் மட்டும் திறக்கவே இல்லை. “இது கம்பெனி டூல்லதான் ஓப்பன் ஆகும் சார்” என்றார்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போனேன். வண்டி நம்பரைச் சொல்லி ஹிஸ்டரி கேட்டேன். “ஓனர் கேட்டாத்தான் சார் கொடுப்போம். உங்களுக்குக் கொடுக்கக் கூடாது.” ஓனரிடம் கேட்டேன். ஒரு ஃபைலையே எடுத்து நீட்டினார். வருடவாரியாக சர்வீஸ் பில்கள், வரிசை பிசகாமல். அதிலிருந்து ஒரு தாள் மட்டும் உருவப்பட்டிருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கடைசியாக, சென்னைக்காரன் எவனும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். “வெள்ளத்துல ஏதாவது மாட்டுச்சா சார்?”

“இது மணல் பூமி சார். மிக்ஜாம் வந்தப்பகூட எங்க தெருவுல தண்ணி நிக்கல.”

தெருவைப் பற்றி அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான் கேட்டது காரைப் பற்றி. மிக்ஜாம் புயல் இந்த நகரத்தை மூழ்கடித்த 2023 டிசம்பர் 4ஆம் தேதி, அந்த கார் கொட்டிவாக்கத்திலேயே இல்லை. பெருங்குடிப் பக்கம் ஒரு கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் நின்றிருந்தது. தண்ணீர் வடிய நாள்கணக்கானது. இதெல்லாம் பணம் கைமாறி, ஆர்.சி. என் பெயருக்கு வந்த பிறகு நான் தெரிந்துகொண்டது.

மாமல்லபுரம் போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்பும்போது, உத்தண்டி டோல் நெருங்கும் நேரம், மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த கார், திடீரென்று, வேகம் குறைக்கப்படுகிறது என்று எச்சரிக்கும் ஆமைப் படத்தைக் காட்டியது. சில நிமிடத்தில் ஓரங்கட்டி நின்றுவிட்டது. பின்சீட்டில் வயதான அம்மா. ஈசிஆரில் லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகின்றன. அந்த நேரத்து நடுக்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஏன் அப்படி நின்றது? காரின் பேட்டரி என்பது தொடராகக் கோர்த்த பல செல்கள். மற்ற செல்களில் எவ்வளவு மிச்சமிருந்தாலும், நலிந்த ஒரு செல்லின் வோல்டேஜ் எல்லைக்குக் கீழே இறங்கினால் போதும், மொத்த பேட்டரியையும் நிறுத்திவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இந்த காரில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. அதன் வோல்டேஜ், சார்ஜ் நிறைந்த நிலையிலிருந்து வெகுதூரம் கிட்டத்தட்ட ஒரே மட்டமாகவே போகும். நலிந்த செல்லும் நல்ல செல்லும் அங்கே ஒரே மாதிரிதான் தெரியும். அடிமட்டத்துக்கு வரும்போதுதான் சாயம் வெளுக்கும். நீலாங்கரை வரை ஓட்டிப் பார்த்தாலும் கோவளம் வரை ஓட்டிப் பார்த்தாலும், முழு சார்ஜ் ஏற்றிய காரில் அந்த நோய் தெரியாது. அதை அறிந்துதான் விற்றவர் முழு சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார்.

இப்போது நான் ஓனர். சர்வீஸ் சென்டரில் இப்போது எனக்கு எல்லாம் சொன்னார்கள். “இது ஃப்ளட் வண்டி சார். ரெக்கார்டுலேயே இருக்கே. பேட்டரி மாத்தணும்னு எழுதிக் கொடுத்தோம், அவர் வேணாம்னுட்டார்.” பேட்டரியை மாற்றாமல், இன்சூரன்ஸில் ‘கேஷ் லாஸ்’ என்று ரிப்பேருக்குப் பதில் ரொக்கமாகப் பணத்தை வாங்கிக்கொண்டு, வெளியே எங்கோ கொடுத்துக் காயவைத்து, எச்சரிக்கைகளை அழித்து, பாலிஷ் போட்டு என் தலையில் கட்டியிருக்கிறார்.

க்ளெய்ம் வாங்காதவருக்குக் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் பழைய பாலிசியில் ஏன் இல்லை என்றும் நான் கேட்டிருந்தேன். “அது என்னோட புது காருக்கு மாத்திக்கிட்டேன் சார்” என்றார். விதியிலும் அந்த போனஸ் காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியதுதான். எந்தக் கேள்விக்கும் பொருத்தமான பதிலைத் தயாராக வைத்திருந்தவரிடம் என்ன ஜாக்கிரதையாக இருந்து என்ன?

வாரண்டி? மின்சார காரின் பேட்டரிக்கு இங்கே பெரும்பாலும் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். வருடமும் கிலோமீட்டரும் பாக்கி இருந்தன. ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரிக்கும், வெளியாள் கைவைத்த பேட்டரிக்கும் அது செல்லாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஐபி67 என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை. பேஸ்மென்ட் குட்டையில் நாள்கணக்கில் ஊறுவதற்கு அது உத்தரவாதம் இல்லை. புது பேட்டரிக்குச் சொன்ன விலையைக் கேட்டு வீட்டில் யாரும் அன்று சாப்பிடவில்லை. என் சீட்டுப் பணமும் மனைவியின் வளையலும் அந்த காரில் போயிருக்கின்றன.

விற்றவருக்குத் தெரியும். சர்வீஸ் சென்டருக்குத் தெரியும். க்ளெய்ம் கொடுத்த இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியும். அந்த காருக்கே தெரியும். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் அது ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. தெரியாதவன், தெரியக் கூடாதவன், காசு கொடுத்தவன் மட்டும்தானா? இது என்ன நியாயம்?

நியாயம் கேட்டுப் போனேன். ஸ்டேஷனில் “சிவில் மேட்டர்” என்றார்கள். நுகர்வோர் மன்றம் போகலாமா என்றால், 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியிடம் வாங்கியவருக்கானது. வீட்டுக்காரர் தன் சொந்த காரை விற்றால் அவர் வியாபாரி இல்லை என்றார் வக்கீல். பழைய கார் டீலர்கள் பதிவு செய்து ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் விதி போட்டது. அதுவும் டீலருக்குத்தான். 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும், தரத்துக்கான மறைமுக உத்தரவாதத்தை அந்தச் சரக்கில் வியாபாரம் செய்பவரிடம் வாங்கினவருக்குத்தான் கொடுக்கிறது.

மிச்சம் இருப்பது 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம். அதன் 17ஆம் பிரிவு, தெரிந்தே மறைப்பதை மோசடி என்கிறது. ஆனால் வெறுமனே வாய்மூடி இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்றும் சொல்கிறது. அதற்கு அந்தச் சட்டம் காட்டும் உதாரணம் ஒரு குதிரை. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார், எதுவும் சொல்லவில்லை. அது மோசடி இல்லை என்கிறது. 19ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், எதிராளி மௌனத்தால் ஏமாற்றியிருந்தாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. அதாவது, பார்த்துத்தானே வாங்கினாய்?

குதிரையென்றால் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். காலைத் தூக்கிப் பார்க்கலாம். ஓடவிட்டுப் பார்க்கலாம். பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், கம்பெனியின் கருவிக்கு மட்டும் வாய்திறக்கும் பேட்டரியை எந்தச் சாதாரணக் கவனத்தால் ஐயா பார்ப்பது? பார்க்கும் வழியை அடைத்துவிட்டு, பார்க்கவில்லை என்று குற்றம் சொல்வது கொடுமை இல்லையா?

இது என் ஒருவனின் அழுகை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2012இல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் நிசான் லீஃப் கார்களின் பேட்டரிகள் வேகமாகத் தேய்ந்தன. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். அதே லீஃப், ஜப்பானில் ஓடிய பிறகு ஆயிரக்கணக்கில் இலங்கையில் போய் இறங்கியது. அந்த வெக்கையில் அதன் பேட்டரித் தேய்வு கொழும்புச் சாலைகளிலும் பேச்சானது. அங்கேயாவது மீட்டர் பலகையில் பேட்டரியின் ஆயுளைக் காட்ட 12 கோடுகள் இருந்தன. எத்தனை கோடு போயிற்று என்று வாங்குபவர் எண்ணிப் பார்க்கலாம். நமக்கு அந்தக் கோடுகூட இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பேட்டரிக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. காரின் பேட்டரி ஆரோக்கியத்தைச் சொல்லும் தகவலை, அதைச் சட்டப்படி வாங்கியவர் பார்க்க வழிவிட வேண்டும் என்கிறது அது. 2027 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு மின்வாகன பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். 2026 மாடலிலிருந்து பேட்டரி ஆரோக்கியத்தை ஓட்டுபவருக்குக் காரே காட்ட வேண்டும் என்று கலிபோர்னியா 2022இல் விதி போட்டது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், வெள்ளத்தில் சிக்கி முழு நஷ்டமான காரின் உரிமைப் பத்திரத்திலேயே அந்த முத்திரை விழுந்துவிடும். இங்கே மழை ஒவ்வொரு வருடமும் வருகிறது, 2015இல் மூழ்கினோம், 2023இல் மூழ்கினோம். மூழ்கிய கார்கள் எங்கே போயின என்று யாராவது கணக்குக் கேட்டார்களா?

ஸ்ரீபெரும்புதூரில் மின்சார கார் தயாராகிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை வந்துவிட்டது. 2023இல் மின்வாகனக் கொள்கை போட்டு, புது வண்டிக்கு வரிவிலக்கும் கொடுத்த தமிழ்நாடு இது. பெருமைதான். ஆனால் புது கார் வாங்க வசதியில்லாத குடும்பம்தான் பழைய கார் வாங்குகிறது. அந்தக் குடும்பத்துக்கு இந்தக் கொள்கையில் என்ன இருக்கிறது? பேட்டரியின் நிலையைச் சொல்லும் ஒரே ஒரு காகிதம்கூட இல்லையே!

ஆர்.டி.ஓ. அதிகாரிகளே, உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 என்று கையெழுத்து வாங்குகிறீர்கள். இன்சூரன்ஸ் நகல் கேட்கிறீர்கள். பேட்டரி ஆரோக்கியச் சான்றிதழ் ஒன்றையும் கேளுங்கள். அது இல்லாமல் மின்சார காரின் உரிமையாளர் பெயரை மாற்றாதீர்கள். வெள்ளத்துக்காக க்ளெய்ம் வாங்கிய வண்டியென்றால் பரிவாகனில் நம்பரைப் போட்டதும் அது தெரியட்டும். கார் தயாரிக்கும் நிறுவனங்களே, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எண்ணை டாஷ்போர்டில் காட்ட உங்களுக்கு என்ன நஷ்டம்? சர்வீஸ் சென்டர்களே, வாங்க வருபவருக்கு உண்மையைச் சொல்ல எந்த விதி தடையோ, அந்த விதியை மாற்றுங்கள்.

எனக்கு விற்றவருக்கும் ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வெள்ளம் ஒரு நஷ்டத்தைக் கொடுத்தது; அது இயற்கை. இன்சூரன்ஸ் அதை ஈடுகட்டியது. அதற்கு மேல் நீங்கள் என்னிடம் வாங்கியது விலை இல்லை, திருட்டு. என் அம்மாவும் என் பிள்ளைகளும் அந்த காரில் உட்கார்ந்திருந்தார்கள். உயர் அழுத்த மின்சாரம் ஓடும், தண்ணீர் புகுந்த பேட்டரியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே சாவியைக் கொடுத்துச் சிரித்தீர்கள். வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்திருக்கும். எத்தனை வருடம் ஆனாலும் இந்த வழக்கை நான் விடப்போவதில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியாரிடம் மின்சார கார் வாங்கப் போனால், பணம் பேசுவதற்கு முன் ஓனரையே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப்போங்கள். பேட்டரி ஆரோக்கிய ரிப்போர்ட்டையும் முழு ஹிஸ்டரியையும் உங்கள் கண்ணெதிரே எடுக்கச் சொல்லுங்கள். சார்ஜ் குறைந்திருக்கும்போதும் ஓட்டிப் பாருங்கள். வாரண்டி இரண்டாவது உரிமையாளருக்கு எவ்வளவு தூரம் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். சில ஆயுட்கால வாரண்டிகள் முதல் ஆளோடு முடிகின்றன. அந்தப் பழைய ஒப்பந்தச் சட்டத்திலேயே நமக்கு ஒரு வழியும் இருக்கிறது. “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது 17ஆம் பிரிவு. ஆகவே விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: “இந்த கார் வெள்ளத்தில் நின்றதில்லை, பேட்டரியை யாரும் பிரித்ததில்லை. நீங்கள் மறுக்காவிட்டால் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.” அதே வரியை விற்பனை ஒப்பந்தத்திலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் காரை வாங்காதீர்கள்.