போன கண் திரும்பாது

வயதானால் கண் மங்குவது சகஜமென்றும், புரை முற்றட்டும், பிறகு அறுத்துக் கொள்ளலாமென்றும் சொல்லிக்கொண்டு நம் மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். புரையாயிருந்தால் அறுத்தபின் பெரும்பாலும் பார்வை திரும்பும். ஆனால் மங்குவதெல்லாம் புரையல்ல. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் போன பார்வை போனதேயாகும். அதைத் திருப்பித்தர இன்றைய வைத்தியத்தாலும் முடியாது. ஆகவே இதில் காத்திருப்பதென்பது கண்ணைக் கொடுத்துக் குருட்டை வாங்குவதாகும்.

கண்ணின் முன்பாகத்திற்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறிச் சல்லடை போன்ற வடிகால் வழியே வெளியேறுகிறது. அது சரியாய் வடியாவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுத்துவிடுகிறது. பாதரசக் கணக்கில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை சாதாரண அழுத்தமென்பர். அதற்குள்ளிருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. ஆதலால் அழுத்தத்தோடு நரம்பையும், பக்கப் பார்வையையும், வடிகாலையும் சோதிக்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு வலியுமில்லை, சிவப்புமில்லை. பக்கப் பார்வை முதலில் போகும். நேர்ப்பார்வை கடைசிவரை நிற்கும். பத்திரிகை படிக்கிறவர் பக்கத்தில் வரும் வண்டியைக் காணாமல் அடிபடுவார். நாமோ சனியன் பிடித்ததென்று ஜோசியனைத் தேடுவோம்! சிலருக்குத் திடீரென்று கடும் வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தோன்றும். அவர்கள் தலைவலித் தைலம் தடவிப் பொழுதைப் போக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1819-ல் ஏற்பட்ட சென்னைக் கண் ஆஸ்பத்திரியில், 1909-ல் டாக்டர் எலியட் கருவிழியோரத்தில் சிறு துளையிட்டுத் தேங்கும் நீருக்குப் புதுவழி செய்தார். அம்முறை பல தேசங்களிலும் கையாளப்பட்டது. முன்ஜென்ம பாவமென்று அவரும் கைகட்டி நின்றிருந்தால் எத்தனை கண்கள் அவிந்திருக்கும்? இன்று சொட்டு மருந்தும், லேசர் சிகிச்சையும், மேலான அறுவைகளும் இருக்கின்றன.

இருந்தும், "மருந்து விட்டும் பார்வை கூடவில்லையே" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இருப்பதைக் காப்பதே அம்மருந்தின் வேலை. நிறுத்தினால் மிச்சமும் போகும்.

40 வயது கடந்தவர்களும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் உள்ளவர்களும், கண் நன்றாய்த் தெரியும்போதே சோதித்துக்கொள்ள வேண்டும். வைத்தியரைக் கேளாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நாட்கணக்கில் விட்டுக்கொள்வோருக்கும் இந்நோய் வரக்கூடும்.

கடைசியாக ஒன்று. ஆண்கள் தங்கள் கண்ணைக் காட்டிக்கொண்டு வருவதோடு நின்றுவிடக்கூடாது. அடுப்படியில் தட்டுத் தடுமாறும் தாயாரைக் கிழவிக்கு இனிக் கண் எதற்கென்று விட்டுவைப்பது நியாயமாகுமா? அவர்களையும் கூட அழைத்துப் போங்கள். தலைவிதி என்பதற்கு முன், தலையிலுள்ள கண்ணை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.